கூலிக்குத் தனி வரி போடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறைக்குள்ளிருந்து உன்னை முன்பக்கக் கவுண்டருக்கு மாற்றியதை ஏதோ தண்டனை மாதிரி எழுதியிருக்கிறாய். ஸ்பானர் பிடித்த கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள், முன்னால் நிற்கும் வாடிக்கையாளர் திட்டுகிறார், பின்னால் நிற்கும் மெக்கானிக் "உனக்கென்னடா, ஏர்கோன் காத்துல உட்கார்ந்திருக்க" என்கிறார், இரண்டு பக்கமும் மதிப்பில்லை என்கிறாய். கடைசியாக ஒரு கேள்வி: "அண்ணே, நம்ம வேலைக்கு எப்பதான் மரியாதை வரும்?" இதைக் கேட்பவன் நீ ஒருவன் மட்டும் இல்லை என்பதால்தான் பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் பதில் ஒன்றுதான். நாம் செய்வது என்ன என்று பிறர் கண்ணுக்குத் தெரிந்தால் மரியாதை வரும். இன்று அது தெரியவில்லை. தெரியாமல் போனதில் நம் பங்கும் இருக்கிறது.

முதலில் நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பற்றிப் பேசுவோம். பழுது பார்க்கும் வேலை கவுண்டரில்தான் தொடங்குகிறது. ஒருவர் வந்து, "பாஸ், முன்னாடி ஏதோ சத்தம் வருது, பார்த்துக் கொடுங்க" என்கிறார். நீ அதையே 'முன்புறம் சத்தம்' என்று எழுதி உள்ளே அனுப்பினால், மெக்கானிக் பாதி நாள் வண்டியைச் சுற்றி வருவார். நீதான் கேட்க வேண்டும்: சத்தம் வண்டி சூடாகும் முன் வருகிறதா, சூடான பிறகா? ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். வேகம் கூடக்கூட ஊய்ய் என்று ஏறி, வலது பக்கம் வளைந்தால் அதிகமாகி இடது பக்கம் வளைந்தால் அடங்கினால் இடது சக்கர பேரிங்கில் சந்தேகம். தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், மெதுவாக வரும்போது சின்ன மேடுபள்ளத்தில் மட்டும் டொக் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்திக் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தால் பெல்ட். இதெல்லாம் உனக்குத் தெரியும், நீ தரையில் படுத்து வேலை கற்றவன். அதனால்தான் உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை நீ கேட்டு எழுதினால் உள்ளே இருப்பவருக்கு அரை நாள் மிச்சம், வண்டிக்காரருக்கு வீண் செலவு மிச்சம். அதைக் கேட்கத் தெரியாதவர் எத்தனை இனிமையாகப் பேசினாலும் கவுண்டருக்கு லாயக்கில்லை.

இனி, கண்ணுக்குத் தெரியாத வேலை என்று நான் சொல்வதற்கு ஓர் உதாரணம். ஒரு மைவி கார் வருகிறது, இஞ்சின் நடுங்குகிறது, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஸ்கேனரை மாட்டினால் 'பி0301' என்று ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது. முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஏன் எரியவில்லை என்று ஸ்கேனர் சொல்லாது. பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டர், வால்வு, கம்ப்ரெஷன், எதுவாகவும் இருக்கலாம். வேலை தெரிந்தவர் என்ன செய்வார்? முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுவார், இரண்டாவதை முதலில் போடுவார், குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பார். குறியீடு இப்போது 'பி0302' என்று மாறினால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. காயில்தான் குற்றவாளி. மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றால் காயில் நல்லது, பிளக்கைப் பார்க்க வேண்டும், பிறகு இன்ஜெக்டரை. ஒரு காசு பொருள் மாற்றாமல் செய்த பரிசோதனை இது. தெரியாதவர் நான்கு காயிலையும் மாற்றிவிட்டுப் பில் போடுவார்.

இப்போது வாடிக்கையாளர் பார்ப்பதை யோசி. மூடியைத் திறந்தார்கள், எதையோ கழற்றினார்கள், மாட்டினார்கள், ஒரு காயிலை மாற்றினார்கள். "இதுக்கா இவ்வளவு காசு? கடையில் காயில் விலை எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டால் அவர்மேல் மட்டும் கோபப்படுவதில் நியாயமில்லை. மூன்று காயிலை மாற்றாமல் விட்டதுதான் நீ அவருக்குச் செய்த பெரிய வேலை. அது பில்லில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை.

நம் சிறு பட்டறைகளின் பழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். கூலியை வெளியே சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்ற பயத்தில் உதிரிப்பாகத்தின் தலையில் கூலியை ஏற்றிவிடுகிறோம். நூறு வெள்ளிக்கு வாங்கிய சாமானுக்கு நூற்று எண்பது போட்டு, "கூலி எல்லாம் வேண்டாம் அண்ணே, நம்ம ஆளு" என்று சிரிக்கிறோம். வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போகிறார். அடுத்த வாரம் கைப்பேசியில் அதே சாமான் தொண்ணூறு வெள்ளி என்று பார்க்கிறார். அன்றைக்கு நாம் திருடர்கள் ஆகிவிடுகிறோம். நாம் வாங்கியது நியாயமான கூலிதான். ஆனால் அதைப் பொய் பெயரில் வாங்கினோம்.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. கூலி சாமான் விலைக்குள் ஒளிந்திருக்கும்வரை, சாமான் மாற்றினால்தான் பட்டறைக்குக் காசு. கழன்று கிடந்த ஒரு வயரைக் கண்டுபிடித்து மாட்டியவருக்கு ஒன்றும் கிடைக்காது, ஆல்டர்னேட்டரையே மாற்றியவருக்கு லாபம் கிடைக்கும். திறமைசாலி நஷ்டப்பட்டு, மாற்றித் தள்ளுகிறவன் செழிக்கிற கணக்கு இது. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நேர்மையைப் பற்றி நாம் யாருக்கும் பாடம் எடுக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கவுண்டரில் உட்கார்ந்த உன் கையில் பில் புக் இருக்கிறது. கூலிக்குத் தனி வரி போடு. பரிசோதனைக்கு இவ்வளவு, கழற்றிப் பூட்ட இவ்வளவு, சாமானுக்கு இவ்வளவு. சாமான் ஒரிஜினலா, ஓ.ஈ.எம்.மா, பழைய வண்டியின் ஹாஃப்கட்டிலிருந்து எடுத்ததா என்பதையும் அதே வரியில் எழுது. முதலாளி தயங்குவார். முதல் சில மாதம் சில பேர் வேறு பட்டறைக்குப் போவார்கள். போனவர்களில் பலர் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இது நம் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் மட்டுமல்ல. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். விலை முன்கூட்டியே பேசப்படாவிட்டால் நியாயமான விலைக்கு மேல் பயனீட்டாளர் கொடுக்க வேண்டியதில்லை. வாகனப் பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்வதற்கென்றே 2002-இல் தனி விதிமுறைகளும் வந்துவிட்டன. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 25,000 வெள்ளிவரை இருந்த கோரிக்கை வரம்பு 2019-இல் 50,000 ஆனது. வக்கீல் இல்லாமலேயே ஒருவர் அங்கே போய் உன் பில்லை நீட்டலாம். சுத்தமாக எழுதிய பில்தான் அன்றைக்கு மெக்கானிக்குக்கும் துணை நிற்கும்.

உன் பாட்டி செனாவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்று எழுதியிருந்தாய். அதனால் இதை உன்னிடம் சொல்லத் தோன்றுகிறது. இன்று தொழிற்பேட்டையும் தாமான்களுமாக இருக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் நம் ஆட்கள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றார்கள். பால்மரம் வெட்டுவது வெறும் கையுழைப்பு என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைத்தார்கள். பட்டையை மிக மெல்லியதாகச் சீவ வேண்டும், சாய்வு மாறக் கூடாது. ஆழம் போதாவிட்டால் பால் இறங்காது. ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் உள்ளே இருக்கும் உயிர்ப்பட்டையில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பிறகு கத்தியே இறங்காது. தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், மரத்துக்கு மரம் நடந்து அதைச் செய்தார்கள். ஒரு நல்ல மெக்கானிக் இஞ்சினின் அலுமினியத் தலையில் பிளக்கை ஏற்றும்போது கையில் வைத்திருக்கும் அதே நிதானம் அது.

ஆனால் கணக்கு எப்படி எழுதப்பட்டது? பாலை வாளியில் சுமந்து போய் நிறுத்தார்கள். கணக்கெழுதும் கிராணி மெட்ரோலேக் என்ற கருவியைப் பாலில் முக்கி ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்து எழுதினார். எடை, சதவீதம், அவ்வளவுதான். மரத்தில் காயம் பட்டிருந்தால் திட்டு உண்டு. காயமே படாமல் வருஷக்கணக்கில் காப்பாற்றிய கைக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு பி.பி. நாராயணன் போன்ற சங்கத் தலைவர்கள் கூலிக்காகப் பேசியும் போராடியும்தான் ஒவ்வொரு சென்னும் ஏறியது. திறமை கணக்கில் ஏறாவிட்டால் அதற்கு விலையும் ஏறாது என்பதை நம் குடும்பங்கள் பட்டுத் தெரிந்துகொண்டன. பாட்டியின் கையில் எழுதுகோல் இல்லை. உன் கையில் இருக்கிறது.

என் தலைமுறையில் பலர் தொழில் கற்றதே தோட்டத்து லோரியையும் டிராக்டரையும் பிரித்துப் பூட்டித்தான். அந்த வழியாக வெளியே வந்தவர்களை நம் சமூகம் எப்படிப் பார்த்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "படிப்பு ஏறலன்னா பட்டறைக்குப் போய் ஸ்பானர் பிடி" என்று வகுப்பில் சொன்ன ஆசிரியர்கள் இருந்தார்கள், வீட்டில் சொன்ன அப்பாக்கள் இருந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை என்ன செய்றார்?" என்று கேட்டால் 'ஆட்டோமோட்டிவ் லைன்' என்று சொல்லிக்கொடுத்த அம்மாக்களும் உண்டு. வாடிக்கையாளர் நம்மை மதிக்கவில்லை என்று வருந்துமுன் நம் வீட்டுக்குள்ளேயே இந்தப் பேச்சு நிற்க வேண்டும். ஸ்பானர் பிடித்த கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் ஆளைச் சொல்கிறேன். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் போட்டுப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஓட்ட ஆரம்பித்தவர் பிறகு எவ்வளவு பெரிய ஆள் ஆனார் என்பது தமிழர்களுக்குத் தெரியும். எண்ணெய் படிந்த கைதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

உன் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை, அந்த மூன்றாம் நிலைச் சான்றிதழை, அலமாரியில் வைத்துப் பூட்டாதே. கவுண்டருக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டு. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. அந்தப் படிகள் சட்டப்படி அமைந்தவை, 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. கவுண்டர் வேலை பார்த்துக்கொண்டே மேலே படி. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை விற்பனைக்கு விட்டது. அந்த மாதிரி வண்டிகளில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் தொட்டால் ஆளே போய்விடுவார். இன்னும் கொஞ்ச நாளில் 'ஸ்பானர் பிடிக்கிறவன்' என்று யாரும் இளக்காரமாகச் சொல்ல முடியாத தொழிலாக இது மாறும். அதற்குள் நீ தயாராக இரு.

திட்டு வாங்குவதைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்தத் திட்டு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். செனாவாங்கில் நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலையில் ஷிஃப்டு பார்ப்பவர்கள். இரவு ஏழு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டியவருக்கு ஆறரைக்கும் வண்டி கிடைக்காவிட்டால் அன்றைய வேலை போகும், மாதக் கடைசியில் வருகைக்கான அலவன்சும் போகும். அவர் கவுண்டரில் கத்துவது உன்னைப் பார்த்தல்ல, கழியப்போகும் சம்பளத்தைப் பார்த்து. இந்த மாதிரிக் கோபத்துக்கு மருந்து ஒன்றுதான். முன்கூட்டியே தகவல். மூன்று மணிக்கே சாமான் வந்து சேரவில்லை என்று தெரிந்தால் மூன்று மணிக்கே போன் போடு. ஆறு மணிக்கு அவர் வந்து நிற்கும்போது சொன்னால் அந்தத் திட்டு நியாயமானது, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே போல, உள்ளே கேட்காமல் வெளியே வாக்குக் கொடுக்காதே. "அஞ்சு மணிக்கு ரெடி" என்று நீ சிரித்த முகத்தோடு சொல்வதை நிறைவேற்ற ஒருவர் சூடான இஞ்சினுக்குள் கையை விடுகிறார். ரேடியேட்டர் ஆறுமுன் மூடியைத் திறக்க வைப்பதும், ஜாக் ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கடியில் நுழைய வைப்பதும் பெரும்பாலும் கவுண்டரில் கொடுத்த அவசர வாக்குத்தான். உன்னைக் கிண்டல் செய்யும் மெக்கானிக்கின் மனத்தாங்கலுக்கு இது காரணமாக இருக்கலாம், யோசித்துப் பார். ஒருவர் வெயிலில் குனிந்து நிற்கும்போது அவருடைய நேரத்தை அவரைக் கேட்காமல் பங்கு போடக் கூடாது. கழிவு எண்ணெய் தொடர்ந்து தோலில் படுவது தோல் புற்றுநோய்க்கு வழி வைக்கக்கூடும் என்று ஆராய்ச்சிகள் எச்சரிக்கின்றன. கையுறைப் பெட்டி தீர்ந்துவிட்டதா என்று பார்த்து ஆர்டர் போடுவதைக் கவுண்டர் வேலையில் சேர்த்துக்கொள். 2024 ஜூன் 1 முதல் தொழில் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும், ஐந்து பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கும்தான். முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்ல உன்னைவிடப் பொருத்தமான ஆள் பட்டறையில் இல்லை.

இன்னொரு வகைத் திட்டு உண்டு. அதை நீ வாங்க வேண்டியதில்லை. தாயைப் பழிப்பது, இனத்தைச் சொல்லித் திட்டுவது, சாவியை முகத்தில் எறிவது, கவுண்டரில் இருக்கும் பெண்பிள்ளையிடம் அசிங்கமாகப் பேசுவது. 'வாடிக்கையாளர் எப்போதும் சரி' என்று பலகை மாட்டிய முதலாளிகள் அதையும் சகித்துப் போகச் சொல்வார்கள். ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983-இல் 'தி மேனேஜ்ட் ஹார்ட்' என்ற நூலை எழுதினார். விமானப் பணிப்பெண்களோடும் கடன் வசூலிப்பவர்களோடும் பழகிப் பார்த்து, உள்ளே ஒன்று பொங்கும்போது முகத்தில் வேறொன்றைக் காட்டுவதும் உழைப்புதான், அதுவும் உடம்பைத் தேய்க்கிற உழைப்பு என்று அதில் காட்டினார். தென்கொரியாவில் 2018-இல் சட்டம் வந்தது. வாடிக்கையாளரின் கொடுமையிலிருந்து ஊழியரைக் காப்பதும், தேவைப்பட்டால் அந்த வேலையிலிருந்து விலக்கி ஓய்வு கொடுப்பதும் முதலாளியின் கடமை என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரைத் தெய்வமாகப் பார்க்கும் ஜப்பானிலேயே தோக்கியோ மாநகரம், வாடிக்கையாளர்கள் ஊழியர்களைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்று ஒரு விதியை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதில் தண்டனை இல்லை. ஆனாலும் ஒரு நகரம் எழுத்தில் சொல்லிவிட்டது, அதுவே பெரிது. நம் பட்டறையிலும் ஒரு பலகை வைக்கலாம். முதலாளி அதில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் பேசுகிறவரிடம் நீ குரலை உயர்த்தாதே. "ஐயா, வண்டியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இப்படிப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன், முதலாளி வருவார்" என்று சொல். சொன்னபடி எழுந்து போ. முதலாளி வராவிட்டால் அந்தப் பட்டறையில் நீடிப்பதா என்று யோசி.

நல்ல கவுண்டர் ஆள் என்ன செய்ய முடியும் என்பதை 2021 டிசம்பரில் நாடே பார்த்தது. 18-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா போன்ற தாமான்களில் கார்கள் கூரைவரை மூழ்கின. நம் நெகிரி செம்பிலானிலும் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லாருக்கும் ஒரே ஆசை, சாவியைப் போட்டு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்று. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டும், கனெக்டிங் ராடு வளையும், குறைவாக முடிந்திருக்கக்கூடிய செலவு இஞ்சினையே இறக்குகிற செலவாக மாறும். போனை எடுத்த கவுண்டர் ஆள் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான்: "ஸ்டார்ட் பண்ணாதீங்க, பேட்டரி வயரைக் கழற்றுங்க, டோ வண்டி அனுப்புறோம்." அந்த வாக்கியத்தைச் சரியான நேரத்தில் சொன்னவர் ஸ்பானரைத் தொடாமலேயே ஓர் இஞ்சினைக் காப்பாற்றினார்.

பிறகு வந்தது அதைவிடக் கஷ்டமான வேலை. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோமே என்று நம்பி வந்தவர்களிடம், வெள்ளத்துக்குத் தனியாக நீட்டிப்பு எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுச் சாமானையெல்லாம் இழந்துவிட்டு நிற்பவரிடம் காருக்கும் காசு வராது என்று சொல்வது யாருக்கும் எளிதல்ல. அதைக் கண்ணைப் பார்த்து, பொறுமையாக, பொய் நம்பிக்கை கொடுக்காமல் சொன்ன பிள்ளைகள் செய்தது பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். எந்தப் பில்லிலும் அது ஏறவில்லை. ஆனால் அந்த வாடிக்கையாளர்கள் அவர்களை மறந்திருக்க மாட்டார்கள்.

கெட்ட சேதி சொல்வது உனக்கும் தினமும் வரும். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று தோன்றுகிற வண்டியை இறக்குமுன் ஒரே விலை சொல்லாதே. இரண்டு விலை சொல். கேஸ்கெட் மட்டும் என்றால் இவ்வளவு, தலை வளைந்திருந்து கடைசலுக்கு அனுப்ப வேண்டி வந்தால் இவ்வளவு, அதற்கு மேல் போனால் உங்களைக் கேட்காமல் தொட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. இறக்கிய பிறகு ஒரு படம் எடுத்து வாட்சாப்பில் அனுப்பு. மாற்றிய பழைய சாமானைத் துடைத்து ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே கொடு. தேய்ந்த பிரேக் பேடைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அடுத்த முறை கூலி வரியில் பேரம் பேசுவது குறையும். இப்படிச் செய்யாமல் ஏமாற்றுகிற பட்டறைகள் இருக்கின்றன, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்களால்தான் நம்மேலும் சந்தேகம் விழுகிறது. நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் மரியாதையை உரிமையோடு கேட்க முடியும்.

வருகிற ஆயுத பூஜைக்கு ஒன்று செய். ஸ்பானர் பெட்டிக்கும் கம்ப்ரெசருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, கவுண்டர் போனையும் பில் புக்கையும் அதே தட்டில் கொண்டுபோய் வை. கிண்டல் செய்த மெக்கானிக்கின் கையால் பொட்டு வைக்கச் சொல். அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாறுங்கள். பட்டறைக்குள் இரண்டு சாதி கிடையாது. கேட்டு எழுதுகிறவர் ஒருவர், கழற்றிப் பூட்டுகிறவர் ஒருவர், வேலை ஒன்றுதான்.

தம்பி, உனக்கு நான் சொல்ல வேண்டியது முடிந்தது. இதை உன்னோடு சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் வண்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், பழைய சாமானைக் கேளுங்கள், சாமான் விலை கூடுதலாகத் தெரிந்தால் காரணம் கேளுங்கள். அதெல்லாம் உங்கள் உரிமை. ஆனால் பில்லில் 'கூலி' என்று ஒரு வரி தனியாக எழுதப்பட்டிருந்தால், வேலை சரியாக முடிந்திருந்தால், அந்த வரியில் மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். வண்டியை எடுக்குமுன், அதைச் சரி செய்தவர் யார் என்று கவுண்டரில் கேட்டு, உள்ளே போய் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்,
செனாவாங்.